இன்ஜினை இறக்க வேண்டியிருக்குமா? பழைய பிக்கப் வாங்கும் முன் அறிகுறி பார்த்து முடிவெடுக்கும் முறை

பழைய பிக்கப் ஒன்றைப் பார்க்கப் போகும்போது பெயின்ட், டயர், சீட் கவர் எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இன்ஜினில் ஏதாவது தென்பட்டால் மட்டும் அங்கேயே ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தாக வேண்டும்: இது இன்ஜினை இறக்காமல் சரியாகிற கோளாறா, இறக்கித்தான் ஆகவேண்டிய கோளாறா?

ஹீட்டர் பிளக் (குளிரில் டீசல் பற்ற உதவும் பிளக்), இன்ஜெக்டர், டர்போ, ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், சென்சார் இவையெல்லாம் வெளியே இருந்து கழற்றி மாட்டுபவை. செலவு இருக்கும், ஆனால் முன்கூட்டியே கணக்குப் போடக்கூடிய செலவு. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் பிளாக்குக்கும் அதன் மேல் உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு), டைமிங் செயின் போன்றவை நடுத்தரம். இன்ஜின் வண்டியிலேயே இருக்கும், ஆனால் திறந்தால்தான் உள்ளே இன்னும் என்னென்ன போயிருக்கிறது என்று தெரியும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங், பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளையான போர், பேரிங், கிராங்க் என்று வந்துவிட்டால் இன்ஜின் கீழே இறங்கும். அந்தச் செலவு எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியையும் இந்த மூன்றில் எதில் சேர்ப்பது என்றுதான் பார்க்கப் போகிறோம்.

பிக்கப் விஷயத்தில் ஓடோமீட்டரை மட்டும் நம்பவே கூடாது. பாரம் ஏற்றியிருப்பார்கள், டிரெய்லர் இழுத்திருப்பார்கள், தூசியில் ஓட்டியிருப்பார்கள், வேலை நடக்கும் இடத்தில் மணிக்கணக்கில் அணைக்காமல் நிறுத்தியிருப்பார்கள். மீட்டர் மெனுவிலோ ஸ்கேனரிலோ இன்ஜின் ஓடிய மணிக்கணக்கு கிடைத்தால் மொத்த கி.மீ.யை அதனால் வகுத்துப் பாருங்கள். 90,000 கி.மீ.க்கு 2,000 மணி என்றால் சராசரி வேகம் 45. நல்ல சாலை ஓட்டம். அதே 90,000-க்கு 5,000 மணி என்றால் சராசரி 18 தான். அந்த இன்ஜின் பாதி நாள் நின்ற இடத்திலேயே ஓடியிருக்கிறது. ஒரு மணி நேர ஐடிலிங்கை 40 முதல் 50 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கிடுவது வழக்கம் என்பதால், அந்த வண்டியின் உண்மையான வயது மீட்டரில் தெரிவதைவிட மிகவும் அதிகம்.

முதல் நிபந்தனை: இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்

சூடான இன்ஜின் பாதிக் குறையை மறைத்துவிடும். தேய்ந்த பிஸ்டன், பலவீனமான ஹீட்டர் பிளக், கசியும் வால்வ் சீல், தளர்ந்த டைமிங் செயின் எல்லாமே இரவு முழுக்க நின்ற வண்டியை முதல் முறை ஸ்டார்ட் செய்யும் அந்த 30 விநாடியில்தான் வெளிப்படும். அதனால் போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்."

சொன்னாலும் கையை வைத்துப் பார்ப்பது நல்லது. ஒருமுறை காலை ஆறரை மணிக்குப் போனேன். வண்டியைக் கழுவி வைத்திருந்தார்கள், பானெட் ஜில்லென்று இருந்தது. பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைப் பிடித்தால் கையில் வெதுவெதுப்பு. தண்ணீர் ஊற்றியதில் தகரம் ஆறிவிட்டது, உள்ளே இருந்த கூலன்ட் ஆறவில்லை. ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டு, மறுநாள் முன்கூட்டிச் சொல்லாமல் போனேன். அன்று அந்த வண்டி எட்டு விநாடி செல்ஃப் அடித்த பிறகுதான் பிடித்தது. பின்னால் நின்றவர் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. தகரத்தைத் தொடாதீர்கள், ஹோஸையும் சிலிண்டர் பிளாக்கையும் தொடுங்கள்.

கையோடு ஒரு டார்ச், வெள்ளை டிஷ்யூ, மார்க்கர் பேனா, சிறிய காந்தம், போனோடு இணைந்து வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருந்தால் போதும்.

ஸ்டார்ட் செய்யும் முன்: ஆயிலும் தூசியும்

டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளை டிஷ்யூவில் துடையுங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பொன்னிறமாகப் பளிச்சென்று இருந்தால்தான் கேட்க வேண்டும்: எப்போது மாற்றினீர்கள், ஏன் இப்போது? விற்பதற்கு முந்தைய நாள் மாற்றிய ஆயிலில் படிக்க எதுவும் மிச்சம் இருக்காது.

அளவு மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்தால் எரிபொருள் ஆயிலில் கலந்திருக்கிறது. டிபிஎஃப் (சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உள்ள வண்டிகள் பலவற்றில் அந்தக் கரியை எரிக்க சிலிண்டருக்குள்ளேயே கூடுதலாக டீசல் பீய்ச்சுவார்கள். குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று, டீசல் போர் சுவர் வழியே கீழே ஆயிலுக்குள் இறங்கிவிடும். கசியும் இன்ஜெக்டரும் இதையே செய்யும். ஆயில் மாற்றினால் இது தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் நீர்த்த ஆயிலோடு எத்தனை ஆயிரம் கி.மீ. ஓடியது என்பதை பேரிங்தான் சொல்லும், அதை நாம் பார்க்க முடியாது. அதனால் இந்த அறிகுறி இருந்தால் பின்னால் வரும் சத்தப் பரிசோதனையை இரண்டு மடங்கு கவனமாகச் செய்யுங்கள்.

பால் விட்ட காபி நிறம் தெரிகிறதா? ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் என்றால், அருகிலேயே போய்வரும் வண்டியில் படிந்த நீராவியாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் என்றால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. வண்டியை ஸ்டார்ட் செய்யவே சொல்லாதீர்கள், கிளம்பிவிடலாம்.

துடைத்த டிஷ்யூவை வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். மினுமினுப்பு தெரிந்தால் உலோகத் துகள். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னினால் பெரும்பாலும் பேரிங்கின் மேற்பூச்சு தாண்டி அடியில் உள்ள செம்புப் படலம் தேய்கிறது. இரண்டுமே இன்ஜின் இறங்கும் வகை.

அப்புறம் பலரும் பார்க்காத ஓர் இடம். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டரைத் தாண்டி இன்ஜினுக்குக் காற்று போகும் பக்கத்தில் விரலை விட்டுச் சுற்றிலும் தடவுங்கள். அங்கே தூசியே இருக்கக் கூடாது. நான் பார்த்த ஒரு வண்டியில் ஃபில்டர் புத்தம் புதிது, ஆனால் அந்தக் குழாயின் உட்சுவரைத் தடவியதும் விரல் நுனியில் மாவு போல மெல்லிய செம்மண் ஒட்டியது. பெட்டியின் ஒரு கிளிப் உடைந்து, ஃபில்டர் சரியாக உட்காராமல் ஓரத்தில் இடைவெளி விட்டிருந்தது. அந்த மண்ணெல்லாம் டர்போ இறக்கையையும் போரையும் உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கும். மண்ணில் பெரும்பகுதி சிலிக்கா. அது இரும்பைவிடக் கடினம். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் சிலிகான் அளவு எகிறி நிற்பதற்கு இதுதான் முக்கியக் காரணம். வேலைக்கு ஓடிய பிக்கப்பில் இந்த ஒரு விரல் சோதனை, மற்ற பத்துச் சோதனைக்குச் சமம் என்பது என் கருத்து.

அறிகுறி: ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கிறது

செல்ஃப் மோட்டாரே மெதுவாகச் சுற்றினால் பேட்டரி, கேபிள், செல்ஃப் மோட்டார். இது சின்ன விஷயம்.

வேகமாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் காதைக் கூர்மையாக்கிக் கொள்ளுங்கள். நல்ல இன்ஜினில் செல்ஃப் சத்தம் ஒரே தாளமாக இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் சமமாக எதிர்ப்பதால் வரும் சீர் அது. ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் (பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) குறைந்திருந்தால் நான்கு தட்டுக்கு ஒருமுறை தாளம் வழுக்கிக்கொண்டு ஓடும். தாளம் வழுக்கினால் கம்ப்ரெஷன் பார்க்காமல் வாங்கக் கூடாது. நல்ல நிலையில் டீசல் இன்ஜின்கள் பொதுவாக 25 முதல் 32 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும், பெட்ரோல் 10 முதல் 13 வரை. துல்லியமான எண் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

தாளம் சீராக இருந்தும் காலையில் மட்டும் தடுமாறினால் ஹீட்டர் பிளக்கோ, டீசல் லைனில் காற்று ஏறுவதோ காரணமாக இருக்கலாம். வெளியே இருந்தே சரிசெய்யலாம்.

காலையில் நன்றாகப் பிடித்து, ஓட்டிவிட்டு வந்து அணைத்த பிறகு பிடிக்காத வண்டியும் உண்டு. காமன் ரெயில் டீசலில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான குழாயான ரெயிலுக்குள் சுமார் 200 முதல் 300 பார் அழுத்தம் ஏறினால்தான் இன்ஜின் கணினி இன்ஜெக்டர்களைத் திறக்க விடும். சூட்டில் டீசல் நீர்த்துவிடுவதால், தேய்ந்த இன்ஜெக்டர் வழியே ரிட்டர்ன் லைனுக்கு அதிகமாக வழிந்துவிடும், அழுத்தம் ஏறாது. நான்கு ரிட்டர்ன் குழாயிலும் நான்கு சின்ன பாட்டிலை மாட்டிப் பார்த்தால் எது அதிகம் வழிகிறது என்று கண்ணுக்கே தெரியும். செலவு அதிகம்தான், ஆனால் இன்ஜின் இறங்காது. விலை பேசலாம்.

அறிகுறி: புகை

இரண்டு பேர் போவது நல்லது. ஒருவர் சைலன்சர் பக்கம் நிற்க வேண்டும்.

நீலப் புகை ஆயில் எரிவது. அது எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு குப்பென்று வந்து நின்றுவிட்டால், இரவில் வால்வ் சீல் வழியே சிலிண்டருக்குள் சொட்டிய ஆயில். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டு இறங்கி, கீழே வந்து மிதித்ததும் வந்தாலும் பெரும்பாலும் அதுவேதான். இது ஹெட் பக்க வேலை. ஏற்றத்திலோ பாரத்திலோ மிதிக்க மிதிக்க நீலமாக வந்துகொண்டே இருந்தால் ரிங், அல்லது டர்போ.

ரிங்கா டர்போவா என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். விற்பவர் "டர்போ சீல்தான், மாற்றினால் போதும்" என்பார், அவர் உண்மையாகவே அப்படி நம்பலாம். என் நண்பர் ஒருவர் அதை நம்பி வாங்கி, புது டர்போ போட்டார். இரண்டு மாதத்தில் புது டர்போவும் ஆயில் கக்கியது. காரணம் இதுதான்: டர்போவுக்குப் போகும் ஆயில் தன் எடையில்தான் கீழே சம்ப்புக்கு (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) திரும்பி வடிகிறது. ரிங் தேய்ந்து, எரிந்த வாயு சம்ப்புக்குள் இறங்கி, அங்கே அழுத்தம் ஏறிவிட்டால் ஆயிலுக்கு வடிய வழி இல்லை. அது டர்போ சீலைத் தாண்டி, இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டர்கூலர் குழாய்க்குள் போய்விடும். டர்போ நல்லதுதான், குற்றம் கீழே இருக்கிறது. அதனால் இன்டர்கூலர் குழாயில் ஆயில் தேங்கி இருந்தால், டர்போ என்று முடிவு கட்டும் முன் அடுத்த பகுதியில் சொல்லும் ஆயில் மூடிச் சோதனையைச் செய்தே ஆகவேண்டும். குழாயில் மெல்லிய ஆயில் படலம் மட்டும் இருந்தால் அது எல்லா டர்போ இன்ஜினிலும் இருப்பதுதான்.

வெள்ளைப் புகையில் மூன்று வகை. குளிரில் வரும் நீராவி இன்ஜின் சூடானதும் மறைந்துவிடும், வாடை இருக்காது. எரியாத டீசல் என்றால் கண் எரியும், மிஸ்ஸிங்கும் சேர்ந்து வரும், சூடேறக் குறையும். ஹீட்டர் பிளக், இன்ஜெக்டர், அல்லது கம்ப்ரெஷன். மூன்றாவது கூலன்ட். இனிப்பான வாடை, காற்றில் கலையாமல் நிற்கும், சூடான பிறகும் குறையாது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட் விரிசல் விட்டிருக்கலாம், அல்லது இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திருப்பி விடும் புகையைக் குளிர்விப்பது) உடைந்திருக்கலாம். இஜிஆர் கூலர் மட்டும் என்றால் வெளியே இருந்து மாற்றிவிடலாம். ஆனால் அதை உறுதிசெய்வது வாங்கும் உங்கள் வேலை அல்ல, விற்பவர் வேலை.

கறுப்புப் புகை பழைய டீசலில் சட்டென்று மிதித்தால் கொஞ்சம் வரும், பாரத்திலும் தொடர்ந்து வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். டிபிஎஃப் உள்ள வண்டியில் இது வரவே கூடாது. ஆறிய சைலன்சர் வாய்க்குள் விரலை விட்டுத் தடவுங்கள். டிபிஎஃப் ஒழுங்காக இருந்தால் விரல் ஏறக்குறைய சுத்தமாகவே வரும். கரி அப்பிக்கொண்டு வந்தால் டிபிஎஃப் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு கணினியை மாற்றி எழுதியிருக்கிறார்கள். கணினியைத் தொட்டவர்கள் பெரும்பாலும் டீசல் அளவையும் கூட்டியிருப்பார்கள். அப்படிப்பட்ட இன்ஜின் பிஸ்டன் எவ்வளவு சூட்டைத் தாங்கியிருக்கிறது என்று தெரியாது. அந்த வண்டியை நான் வாங்க மாட்டேன்.

அறிகுறி: ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று வருகிறது

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் ஆயில் மூடியைத் திறந்து, தலைகீழாக அதே துளை மேல் வையுங்கள். லேசாக அசைந்தபடி உட்கார்ந்திருந்தால் சரி. துள்ளித் துள்ளிக் கீழே விழுந்தாலோ, துளையிலிருந்து ரயில் இன்ஜின் மாதிரி விட்டுவிட்டுப் புகை வந்தாலோ, ரிங்கைத் தாண்டி வாயு இறங்குகிறது. டிப்ஸ்டிக்கை இழுத்தாலும் அந்தக் குழாய் வழியே புகை வரும். மெல்லிய ஆவி மட்டும் சோம்பலாக மேலே போனால் ஓடிய இன்ஜினுக்கு அது இயல்பு.

பெட்ரோல் இன்ஜினில் மூடியைத் திறந்ததும் ஐடிலிங் தடுமாறலாம், மூடி உள்ளே இழுத்துப் பிடிக்கலாம். அது கோளாறு அல்ல, பிரீதர் வால்வ் (சம்ப்பில் சேரும் வாயுவை இன்ஜினுக்கே உறிஞ்ச விடுவது) வேலை செய்கிறது என்று அர்த்தம்.

பிரீதர் ஹோஸைக் கழற்றி வெளியே தொங்கவிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இன்ஜினுக்குக் கீழே அந்த இடத்தில் மட்டும் ஆயில் தெறித்து மண் அப்பியிருக்கும். ரிங் போன வண்டியில் ஆயில் மேலே ஏறாமல் இருக்கச் செய்யும் வேலை அது. வாயு அதிகமாக இறங்குகிறது என்று உறுதியானால் இன்ஜின் இறங்கும் வகை. மற்ற எல்லாம் பிரமாதமாக இருந்தாலும் வேண்டாம்.

அறிகுறி: தட்டும் சத்தம்

டீசலுக்குச் சத்தம் இயல்பு என்பதால் புதியவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும். சத்தத்தின் கனத்தையும் அது எப்போது மாறுகிறது என்பதையும் பிடித்துக்கொண்டால் போதும்.

ஸ்டார்ட் செய்த முதல் இரண்டு விநாடி சங்கிலி உரசுவது போல கரகரவென்று வந்து நின்றால் டைமிங் செயின் அல்லது டென்ஷனர். நடுத்தர வகை. ஆனால் தள்ளிப்போட்டால் செயின் பல் தாண்டி, வால்வ் பிஸ்டனில் இடித்து, எல்லாம் போய்விடும்.

டிக் டிக் என்று மெல்லிய சத்தம், இன்ஜின் வேகத்தில் பாதி வேகத்தில் வந்தால் வால்வைத் தள்ளும் டேப்பட் பக்கம். குளிரில் இருந்து சூட்டில் முழுக்க மறைகிற டிக் சத்தம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவாக இருக்கலாம். அந்த இடத்தில் கரி படிந்த கோடு தெரியும். குளிரில் மட்டும் வரும் மந்தமான தட்டல், சூடேறக் குறைந்தால் பிஸ்டன் போரில் ஆடுகிறது. உடனே நிற்காது, ஆனால் போர் தேய ஆரம்பித்துவிட்டது.

பயப்பட வேண்டியது இன்னொன்று. சூடான பிறகு, ஐடிலிங்கிலிருந்து மெதுவாக 2,000 ஆர்பிஎம் வரை ரேஸ் கொடுத்து, காலைச் சட்டென்று எடுங்கள். இறங்கும்போது அடியிலிருந்து சுத்தியலால் மரத்தில் அடிப்பது போல டொக் டொக் என்று கனமாக வந்தால் கனெக்டிங் ராடு பேரிங். சூடேற ஏற ஆயில் நீர்த்து இந்தச் சத்தம் கூடும். பிஸ்டன் சத்தத்துக்கு நேர் எதிர். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை சம்ப் ஓரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டால் சத்தம் மேலேயிருந்தா கீழேயிருந்தா என்று பிரித்துவிடலாம். சுற்றும் பெல்ட், ஃபேனிலிருந்து கையையும் சட்டையையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து என்றால் அன்றே முடிந்தது பேச்சு.

ஆயில் லைட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அந்த லைட் அழுத்தம் கிட்டத்தட்ட அரை பாருக்குக் கீழே போனால்தான் எரியும். அது எரியவில்லை என்பதால் அழுத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. கேஜ் உள்ள வண்டி என்றால் சூடான ஐடிலிங்கில் ஒரு பாராவது நிற்க வேண்டும்.

அறிகுறி: கூலன்ட் குறைகிறது, சூடு ஏறுகிறது

ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். அந்த மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால், உள்ளே இருப்பது 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். சூட்டில் திறந்தால் அது ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பாயும்.

கூலன்ட் அதற்குரிய நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும். துரு நிறத்தில் இருந்தால் வெறும் தண்ணீரில் ஓட்டியிருக்கிறார்கள். மேலே ஆயில் மிதந்தால் ஆயில் கூலரோ ஹெட் கேஸ்கெட்டோ. அடியில் மணல் மாதிரி பழுப்புக் கசடு இருந்தால் கசிவை அடைக்கும் பொடியைப் போட்டிருக்கலாம்; அப்படியானால் அடைக்க வேண்டிய கசிவு ஒன்று இருந்திருக்கிறது.

இப்போது மூடியைத் திறந்தபடியே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதலில் ஓரிரு குமிழி வந்து நின்றால் சரி. நிற்காமல் கோலி சோடா மாதிரி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது. வண்டி மீண்டும் ஆறிய பிறகு மூடியை மூடி ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஹோஸ் அதற்குள் கல் மாதிரி இறுகக் கூடாது. சந்தேகம் இருந்தால், கூலன்ட் ஆவியில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று பார்க்கும் நீல நிறத் திரவப் பரிசோதனை இருக்கிறது. வாயு கலந்தால் பெட்ரோல் இன்ஜினில் மஞ்சளாகவும் டீசலில் பச்சையாகவும் மாறும். மெக்கானிக்கிடம் பத்து நிமிட வேலை.

டாஷ்போர்டில் உள்ள சூட்டு முள்ளை அதிகம் நம்பாதீர்கள். புதிய வண்டிகள் பலவற்றில் அது குறிப்பிட்ட வரம்புக்குள் எங்கே இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படி செய்திருப்பார்கள். ஸ்கேனரில் தெரியும் டிகிரிதான் உண்மை. நீண்ட ஏற்றத்தில் 100-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போய், சமதளத்திலும் இறங்க மறுத்தால் ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், வாட்டர் பம்ப் என்று வெளி வேலையாகத் தொடங்கலாம். ஆனால் ஏற்கனவே எத்தனை முறை கொதித்தது, அலுமினிய ஹெட் வளைந்துவிட்டதா என்பதுதான் கவலை.

அறிகுறி: இழுவை இல்லை

இது பார்க்கப் பெரியதாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் சின்னது. கிழிந்த இன்டர்கூலர் ஹோஸ், அடைத்த டீசல் ஃபில்டர், கரி பிடித்த இஜிஆர் வால்வ், டர்போவுக்குள் ஒட்டிக்கொண்ட நகரும் தகடுகள். ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச். இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லை. மேலே சொன்ன மற்ற சோதனைகளில் இன்ஜின் தேறிவிட்டால் இழுவைக் குறையைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கலாம்.

லைட்டும் ஸ்கேனரும்

சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன், இன்ஜின் லைட்டும் ஆயில் லைட்டும் எரிந்தாக வேண்டும். எரியவில்லை என்றால் யாரோ அதை எரியாமல் செய்திருக்கலாம்.

ஸ்கேனரில் கோளாறைக் காட்டும் கோட் எதுவும் இல்லை என்பது நல்ல செய்தியாக இருக்கலாம், நேற்று அழித்ததாகவும் இருக்கலாம். அதனால் "ரெடினஸ்" பக்கத்தைப் பாருங்கள். கோட்களை அழித்தால் கணினியின் சுயபரிசோதனைகள் எல்லாம் முடியாத நிலைக்குத் திரும்பிவிடும். பல வண்டிகளில் கோட் அழித்த பிறகு ஓடிய தூரமும் தெரியும். அது 12 கி.மீ. என்று காட்டினால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பி0299 வந்தால் டர்போ அழுத்தம் போதவில்லை, பி0087 வந்தால் ரெயில் அழுத்தம் குறைவு. இரண்டாவது வந்தால் ஃபில்டரைக் கழற்றி உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்காமல் விடாதீர்கள். உயர் அழுத்த பம்ப் உள்ளே நொறுங்கினால் அந்தத் துகள் ரெயில், இன்ஜெக்டர், டேங்க் வரை போய்விடும். முழு எரிபொருள் அமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும்.

எந்த இன்ஜின் என்று தெரிந்துகொண்டு போங்கள்

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு பலவீனம் உண்டு. டொயோட்டாவின் 3.0 லிட்டர் 1கேடி-எஃப்டிவி நீண்ட காலம் ஓடக்கூடியது, ஆனால் இன்ஜெக்டர் அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால் எரிந்த வாயு ஆயிலில் கரியைக் கலந்து, சம்ப்பில் உள்ள ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும். அதனால் வாஷர் எப்போது மாற்றினார்கள் என்பது முதல் கேள்வி. அதே இன்ஜினில் டைமிங் பெல்ட்டை 1,50,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள். டி40 நவாராவில் வந்த நிசான் ஒய்டி25-ல் டைமிங் செயின் தேய்வது பரவலாகத் தெரிந்த குறை.

2003 முதல் 2007 வரை ஃபோர்டு பிக்கப்புகளில் வந்த 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசலில் ஆயில் கூலர் அடைத்து, அதைத் தாண்டிப் போகும் கூலன்ட் குறைந்து, இஜிஆர் கூலர் வெடித்து, கடைசியில் ஹெட் போல்ட் நீளும். சங்கிலி போல ஒன்றிலிருந்து ஒன்று. அதை முதல் கண்ணியிலேயே பிடிக்கலாம்: சீரான வேகத்தில் ஓடும்போது ஆயில் சூட்டுக்கும் கூலன்ட் சூட்டுக்கும் சுமார் 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது.

புது வண்டி என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. 2022, 2023 மாடல் டண்ட்ரா பிக்கப்புகளில் தயாரிப்பின்போது விட்டுப்போன உலோகத் துகளுக்காக டொயோட்டா 2024-ல் திரும்பப் பெறும் அறிவிப்பு வெளியிட்டது. சேசிஸ் எண்ணை வைத்து அந்த வண்டிக்கு அப்படி ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிடலாம்.

ஓட்டிப் பார்த்து வந்த பிறகு

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஏற்றம் ஒன்று, இறக்கம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். திரும்பி வந்து அணைத்து, பத்து நிமிடம் விட்டு மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டியைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, நின்ற இடத்தில் புதிதாகச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

எல்லாம் தேறிவிட்டால் வண்டி முழுக்க ஆறட்டும். அப்புறம் கூலன்ட் டேங்கில் அப்போது இருக்கும் மட்டத்துக்கு நேராக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். டிப்ஸ்டிக்கில் ஆயில் எங்கே நிற்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம், இரண்டு நாள் வழக்கம்போல ஓட்டுங்கள், மூன்றாம் நாள் காலை வருகிறேன் என்று சொல்லுங்கள். நல்ல வண்டி வைத்திருப்பவர் இதற்கு மறுப்புச் சொன்னதை நான் பார்த்ததில்லை. மூன்றாம் நாள் காலை, இன்ஜின் ஆறியிருக்கும்போது, அதே சமதளத்தில் அந்தக் கோட்டையும் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் அப்படியே இருந்தால் முன்பணம் கொடுக்கலாம்.